ஒரு மாலை, ஒரு படம்: 2018இன் நான்கில் எதைத் திரையிடுவது?

2018 ஆகஸ்ட் 24 அன்று ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்தது. செப்டம்பர் 28இல் ‘பரியேறும் பெருமாள்’. அதற்கு அடுத்த வாரமே, அக்டோபர் 4இல் ‘96’. அக்டோபர் 17இல் ‘வடசென்னை’. எட்டு வாரத்துக்குள் நான்கு படங்கள், நான்கும் இன்றுவரை பேசப்படுபவை. தமிழ் சினிமாவில் இப்படி ஒரு பருவம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஒரு ரசிகர் தன் பட்டியலில் இந்த நான்கையும் எந்த வரிசையில் வைத்தாலும் தப்பில்லை. ஆனால் நூலக வாசகர் வட்டமோ கல்லூரித் திரைப்படக் கழகமோ ஊர் இளைஞர் மன்றமோ அறுபது எழுபது பேரை உட்கார வைத்து, “அந்த ஆண்டிலிருந்து ஒரு படம்” என்று முடிவு செய்யும்போது கேள்வியே மாறிவிடுகிறது. சிறந்த படம் எது என்பது ஒரு கேள்வி. கூட்டமாகப் பார்த்து, விளக்கைப் போட்டபின் பேச வேண்டிய படம் எது என்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவதற்கானது. முடிவுக் காட்சிகளையும் தொட்டே பேசியிருக்கிறோம். தேர்ந்தெடுப்பவருக்கு அவை தெரிந்தாக வேண்டும்.

பட்டியலில் சேராதவை பற்றி ஒரு சொல். ‘ராட்சசன்’ மிக நேர்த்தியான திகில் படம். ஆனால் கொலையாளி யார் என்று தெரிந்தவர்கள் அரங்கில் பாதிப் பேர் இருப்பார்கள், அதில் ஒருவராவது பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிடுவார். ‘காலா’, ‘செக்கச்சிவந்த வானம்’ இரண்டும் நட்சத்திரங்களுக்காகவே எல்லோரும் ஏற்கெனவே பார்த்தவை. ஆகவே நான்கோடு நிற்போம்.

முதலில் நேரக் கணக்கு. பலர் இதைக் கடைசியாகப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். ‘வடசென்னை’ 164 நிமிடம், ‘96’ 158, ‘பரியேறும் பெருமாள்’ 154. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ மட்டும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இல்லாத அரங்கில் இருட்டிய பிறகுதான் தொடங்க முடியும். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மே மாதத்தில் ஆறே முக்கால் ஆகும். ஆறரைக்குத் தொடங்கி, பத்து நிமிட இடைவேளை விட்டால், ‘வடசென்னை’ முடியும்போது ஒன்பது இருபத்து நான்கு. அதற்கு மேல் கடைசிப் பேருந்தைப் பிடிப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். பேச்சு என்று ஒன்று நடக்காது.

‘வடசென்னை’யை இந்தக் காரணத்துக்காக மட்டும் தள்ளிவிட மனம் வராது. வெற்றிமாறன் 1987இலிருந்து 2003வரையிலான காலத்தை முன்னும் பின்னுமாக அடுக்கியிருக்கும் விதம் நான்கு படங்களிலும் கைத்திறனில் உச்சம். ஒரு சாப்பாட்டுக் கடை, ரத்தக்கறையோடு சில ஆட்கள், யாரையோ வெட்டிவிட்டு வந்து அடுத்தது என்ன என்று பேசுகிறார்கள். செத்தது யார் என்று படம் உடனே சொல்வதில்லை. அது தெரியவரும்போதுதான் அமீர் நடித்த ராஜனும் ஆண்ட்ரியா நடித்த சந்திராவும் நாயகன் அன்புவின் கதையில் எங்கே நிற்கிறார்கள் என்பது புரியும். அந்தத் தொடக்கத்தைத் தவறவிட்டவருக்கு அடுத்த இரண்டரை மணி நேரமும் அரைகுறையாகவே போகும். நம்மூர்த் திரையிடல்களிலோ முதல் பத்து நிமிடம் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இந்தப் படத்தைப் போடுவதென்றால் கதவைச் சாத்தும் துணிச்சல் வேண்டும்.

இன்னும் மூன்று சிக்கல்கள். இது ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம்; பதினெட்டு வயது ஆகாத ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது. பொது நூலகத்தில், குடும்பத்தோடு வரும் இடத்தில், இது நடக்காது. இரண்டாவது, வேல்ராஜின் ஒளிப்பதிவில் இரவும் சிறை அறைகளும் ஏராளம். சுவரில் ஒரு டியூப்லைட் எரிந்தால்கூடச் சாதாரண புரொஜெக்டரில் முகங்கள் சாம்பல் திட்டாகிவிடும். மூன்றாவது, பலர் ஒரே நேரத்தில் பேசும் சென்னைத் தமிழ். எதிரொலிக்கும் அரங்கில், சிறைக்குள் கேரம் போட்டிக்காகப் போட்ட பந்தலில் நடக்கும் மோதலுக்கு முன்பான பேச்சில் பாதி காதில் விழாது. யார் யாருக்கு எதிராகத் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. வயதுவந்தோர் மட்டும் இருக்கும் கழகம், நல்ல அரங்கு, பகல் முழுதும் கையிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் தயங்காமல் போடுங்கள். கடலோர மக்களின் நிலம் யாருடையது என்ற கேள்வி அதில் நெருப்பாக இருக்கிறது.

‘96’ இதற்கு நேர் எதிர். ஒரே இரவு, ராம், ஜானு என்று இரண்டு பேர். தஞ்சாவூரில் ஒரே பள்ளியில் படித்த 1996ஆம் ஆண்டு வகுப்பினர் பல ஆண்டு கழித்துக் கூடுகிறார்கள், விடிந்தால் ஜானு சிங்கப்பூருக்குப் போக வேண்டும். பிரேம்குமார் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். சின்னப் பொருள்களைப் பார்க்கத் தெரிந்த கண் அது. ராம் பள்ளி நாளிலிருந்தே ‘யமுனை ஆற்றிலே’ பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், ஜானு மற்றதெல்லாம் பாடுவாள், அதை மட்டும் பாட மாட்டாள். ராமின் வீட்டில் மின்சாரம் போன நிமிடத்தில், இருட்டில், வாத்தியம் ஏதும் இல்லாமல் அவள் அதைத் தொடங்குகிறாள். படம் மொத்தமும் அந்த ஒரு பாட்டுக்காகக் காத்திருந்தது அப்போதுதான் தெரியும். அரங்கில் அந்த நேரம் சுவர் மின்விசிறி கடகடத்தால் எல்லாம் போச்சு. ஒலிக்கு அவ்வளவு மென்மையாக இடம் விட்டிருக்கிறார்கள்.

இந்தப் படத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்கிறோம்? எல்லோரும் பார்த்துவிட்டார்கள். வெளியான ஒரு மாதத்தில் தீபாவளிக்கே தொலைக்காட்சியில் வந்தது, அதன்பின் எத்தனை முறை என்று கணக்கில்லை. அதைவிட முக்கியம், ‘96’ முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அறுபது பேருக்கு அறுபது கதை. அழகான மௌனம் கிடைக்கும், உரையாடல் கிடைக்காது. தனியாகவோ இரண்டு பேராகவோ பார்க்க வேண்டிய படம் இது. ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் நடத்துவது பழைய மாணவர் சந்திப்பு என்றால் மற்ற மூன்றையும் மறந்துவிடுங்கள்.

‘பரியேறும் பெருமாள்’ பக்கம் வரும்போது முடிவு கடினமாகிறது. ஆண்டின் சிறந்த படம் எது என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் பதில் இதுதான். மாரி செல்வராஜின் முதல் படம், பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்குப் படிக்க வரும் பரியன் என்ற தலித் இளைஞன், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் தவிக்கிறான், உதவுகிற ஜோ என்ற மாணவியோடு நட்பாகிறான், அந்த நட்புக்காக அடிபடுகிறான். இதைக் கதையாகச் சொன்னால் தெரிந்த கதை. படமாகப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் வேறு இடத்தில் விழுகிறது.

அப்பா வரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லும்போது பரியன் முதலில் யாரோ ஒருவரை அப்பாவாக நடிக்கக் கூட்டிவருகிறான். அரங்கு சிரிக்கும். உண்மையான அப்பா பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர் என்று பின்னால் தெரியவரும்போது அந்தச் சிரிப்பு நமக்கே உறுத்தும். அந்த அப்பாவின் வேட்டியை உருவி, சாலையில் ஓடவிட்டுத் துரத்துகிறார்கள். தங்கராசு என்ற நாட்டார் கலைஞர் அந்த ஓட்டத்தை ஓடியிருக்கிறார். முன்பு சிரித்த அதே அரங்கு இப்போது மூச்சு விடாது. அந்த மாற்றம் கூட்டத்தோடு பார்க்கும்போதுதான் நிகழும், செல்போனில் நிகழாது.

அதனால்தான் தயாரிப்பில்லாமல் இதைப் போடக் கூடாது என்கிறோம். படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுக் கொல்கிறார்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் அங்கேயே அழுகை தொடங்கும், பெற்றோர் எழுந்து போவார்கள். அழைப்பிதழிலேயே ‘சிறுவர்களுக்கானது அல்ல’ என்று ஒரு வரி போடுங்கள்.

பேச்சு இரண்டு விதமாகக் கெடும். ஒருவர் எழுந்து “இப்ப யாருங்க சாதி பாக்குறா?” என்பார், அடுத்த அரை மணி நேரம் படத்தை விட்டு அவரோடு வாதாடுவதிலேயே போகும். இரண்டாவது இன்னும் மோசம். “நீங்க சொல்லுங்க தம்பி, உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?” என்று ஒருவரைக் கைகாட்டுவது. யாரையும் தன் வலிக்குச் சாட்சி சொல்ல அங்கே நிறுத்தக் கூடாது. நடத்துபவர் உறுதியானவராக, படத்தை இரண்டு முறையாவது பார்த்தவராக இருக்க வேண்டும். அபிப்பிராயம் கேட்டுத் தொடங்காமல் காட்சியைக் கேட்டுத் தொடங்குங்கள். ‘நான் யார்’ பாட்டில் அந்த நீல நிறம் ஏன்? நாய்க்கு எமனாக வந்த தண்டவாளம் கடைசியில் யாருக்காகத் திரும்ப வருகிறது? தனக்கு என்ன நடந்தது என்பதைப் பரியன் ஜோவிடம் கடைசிவரை சொல்லவில்லையே, அதனால் அவளுக்கு என்ன மறுக்கப்பட்டது? இறுதியில் பலகைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் கட்டஞ்சாயா, ஒன்றில் பால் டீ, நடுவில் ஒரு மல்லிகைப் பூ. அதை நம்பிக்கை என்பீர்களா, இடைவெளி என்பீர்களா? இந்த ஒரு கேள்விக்கே முக்கால் மணி நேரம் போதாது. ஆனால் 154 நிமிடப் படத்துக்குப் பின் முக்கால் மணி நேரம் எங்கே இருக்கிறது?

ஏற்கெனவே நாலைந்து முறை கூடி, ஒருவர் பேச்சை ஒருவர் பொறுமையாகக் கேட்கப் பழகிய குழுவுக்கு ‘பரியேறும் பெருமாள்’தான். மதியம் இரண்டு மணிக்கு, இருட்டாக்கக்கூடிய அரங்கில் தொடங்குங்கள். அது இல்லாத, முதல்முறை கூடுகிற, எல்லா வயதினரும் வரும் ஒரே மாலைக்கு எங்கள் தேர்வு ‘மேற்குத் தொடர்ச்சி மலை’.

லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, இளையராஜா இசையமைத்தது. தயாரித்தவர் நடிக்கவில்லை, திரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த மலையடிவாரத்து மக்கள். நான்கில் மிகக் குறைவான பேர் பார்த்ததும் இதுதான். ஆகவே அரங்கில் பெரும்பாலோர் முதல்முறையாகப் பார்ப்பார்கள். திரையிடல் நடத்துபவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தேனி மாவட்டத்து அடிவாரத்திலிருந்து கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடந்தே ஏறும் கூலித் தொழிலாளி ரங்கசாமி. விடியலுக்கு முன் எழுந்து நடக்கத் தொடங்குகிறான். படமும் அவனோடு நடக்கிறது. வழியில் டீ, ஒரு நலவிசாரிப்பு, ஒரு மூட்டை, ஒரு வளைவு. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்கென்று தோளில் சுமந்துவரும் ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும் இடத்தைக் கவனியுங்கள். கதறல் இல்லை, இசை ஓங்கி ஒலிப்பதில்லை. பச்சை மணிகள் பள்ளத்தில் இறங்கிப் போகின்றன. அதுவரை படம் நம்மை அவனோடு ஏறவைத்திருப்பதால், அந்த மூட்டையின் கனம் நம் தோளுக்கும் தெரியும். அது போனதும் எத்தனை வருட நடை போனது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு நிலம் கைக்கு வருகிறது. விதையும் உரமும் கடனுக்கு வருகின்றன. அந்தக் கடனிலேயே நிலம் கைமாறுகிறது. எந்த மண்ணுக்காக வாழ்நாளெல்லாம் மலை ஏறினானோ, அதே மண்ணில் நிற்கும் காற்றாலைக்கு அவன் காவலாளி. வில்லன் என்று ஒருவனை மட்டும் கைகாட்ட முடியாதபடி இது நடக்கிறது. பேச்சுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை: அவன் எந்த இடத்தில் தோற்றான் என்று கேளுங்கள். மூட்டை போனபோதா, கடன் வாங்கியபோதா, தோட்டத் தகராறில் சிறைக்குப் போனபோதா, மலைக்குச் சாலை வந்தபோதா? அறுபது பேரும் ஒரே மனிதனைப் பற்றிப் பேசுவார்கள், ஒவ்வொருவரும் வேறு இடத்தைச் சொல்வார்கள். விவசாயம் செய்த பெரியவர் பேசுவார், கல்லூரி மாணவி பேசுவார், சங்கத்தில் இருந்தவர் பேசுவார். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடியும். ஒன்பதே காலுக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

குறையும் உண்டு. முதல் முப்பது நிமிடத்தில் ‘கதை’ என்று கைவைத்துக் காட்ட ஒன்றும் இராது. பழக்கமில்லாத பார்வையாளர் அங்கேதான் செல்போனை எடுப்பார். அதற்கு நீண்ட முன்னுரை மருந்தாகாது. இரண்டே வாக்கியம் போதும்: “முதல் அரை மணி நேரம் நாம் மலை ஏறப் போகிறோம். வழியில் பார்க்கிற எல்லா மனிதர்களும் பின்னால் திரும்ப வருவார்கள்.” கட்சி, சங்கம் பற்றிய பகுதிகளில் படம் சற்று அவசரப்படுகிறது என்பதும் உண்மை, தொழிற்சங்கத் தோழர் சாக்கோவின் அரசியல் இன்னும் நிதானமாக விரிந்திருக்கலாம்.

தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் மனிதன் ஒரு புள்ளியாகவும் மலை திரை முழுதுமாகவும் இருக்கும் காட்சிகள் பல. ஆறங்குலத் திரையில் அந்தப் புள்ளி காணாமல் போய்விடும். இந்தப் படத்தைக் கூடிப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

ஆகவே திரை அகலம் பத்து அடிக்குக் குறையக் கூடாது. அகலத்திரைப் படத்தின் விகிதம் 2.39க்கு 1, பத்தடி அகலத்துக்குப் படத்தின் உயரம் நாலே கால் அடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நான்கடி மேலே இருக்கட்டும். இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் மலையடிவாரத்தை மறைக்கும். இருட்டான அரங்கில் 3000 லூமென்ஸ் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் போதும். அதன் நிற அமைப்பை ‘விவிட்’ போன்ற முறையில் வைக்காதீர்கள், பச்சை பொங்கிவிடும். ‘சினிமா’ முறைதான் சரி.

ஒலியில்தான் பெரும்பாலும் மாட்டுவோம். கோப்பு 5.1 ஒலியோடு, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலியோடு இருக்கும், உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். லேப்டாப்பின் ஒலி அமைப்பு 5.1 என்றே இருந்தால், வசனம் இருக்கும் நடு சேனல் எங்கும் போய்ச் சேராது. காற்றும் பறவையும் இசையும் கணீரென்று கேட்கும், மனிதர்கள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்கள். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். லேப்டாப்பிலும் வீடியோ பிளேயரிலும் வெளியீட்டை ‘ஸ்டீரியோ’ என்று மாற்றுங்கள், வசனம் இரண்டு பக்கமும் வந்துவிடும். ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும், உட்கார்ந்தவர் காது மட்டத்துக்கு மேலே, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். காலி அரங்கில் சரிபார்க்கும்போது எதிரொலி அதிகம் தெரியும். ஆட்கள் நிரம்பியதும் குறையும். அதற்காக முன்கூட்டியே சத்தத்தை ஏற்றி வைக்க வேண்டாம்.

பென்டிரைவில் படத்தை ஏற்றும்போது பாதியில் நின்றால் அது பெரும்பாலும் ‘ஃபேட் 32’ வடிவத்தில் இருப்பதால்தான். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ‘எக்ஸ்ஃபேட்’டுக்கு மாற்றினால் ஏறும். ஆனால் பழைய புரொஜெக்டரின் யூஎஸ்பி துளை அதைப் படிக்காமல் போகலாம். லேப்டாப்பிலேயே நகலெடுத்து, ஹெச்டிஎம்ஐ கம்பியில் இணைப்பதே நிம்மதி.

எந்தப் படமானாலும் அனுமதி முக்கியம். ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்கானது, பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. கல்வி நிறுவனத்தின் பணியின் பகுதியாக, அதன் மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்றோர் மட்டும் பார்க்கும் திரையிடலுக்கு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விலக்கு உண்டு. வெளியாரை அழைத்தால் அது பொருந்தாது. மற்றவர்கள் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். சின்னப் படங்களை எடுத்தவர்கள், கேட்டால் மகிழ்ச்சியோடு பதில் தருபவர்கள்தான். இயக்குநரையே பேச அழைக்கும் வாய்ப்பும் அந்தக் கடிதத்திலிருந்து திறக்கலாம்.

கடைசியாக, சுவிட்ச் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். காற்றாலையின் அடியில் ரங்கசாமி உட்கார்ந்திருக்க, கேமரா பின்னால் விலகி விலகிப் போகும். அவன் சிறுத்துக்கொண்டே போக, சுற்றிலும் இன்னும் இன்னும் காற்றாலைகள் தெரியவரும். படம் முடிந்தது என்று நினைத்து யாராவது அப்போதே டியூப்லைட்டைப் போட்டுவிடுவார்கள். பெயர்கள் ஓடி முடியும்வரை சுவிட்சில் கை வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.